டிஸ்க் நிறைந்தால் டப்பாவையும் வீசுவதா?



மூன்றாம் ஆண்டுக்கு வந்துவிட்ட எவரையும் கேட்டுப் பாருங்கள். தலைக்கு மேல் மூன்று பாரம் இருக்கும். ஒன்று புராஜெக்ட். இரண்டு வேலை. மூன்றாவது, "டிஸ்க்கில் இடமில்லை" என்ற அந்தச் சின்ன அறிவிப்பு! முதல் இரண்டுக்கும் ஆலோசனை சொல்ல வீட்டுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். மூன்றாவதற்கு மட்டும் ஊரெல்லாம் ஒரே பதில்தான்: "புதுசு ஒண்ணு வாங்கிடு."

இந்த ஒரே பதிலோடுதான் எனக்குச் சண்டை.

அண்ணன் வாங்கி, அக்கா பயன்படுத்தி, கடைசியில் நம் கைக்கு வந்து சேர்ந்த 500 ஜி.பி. எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் நம்மில் பலரிடம் இருக்கிறது. அதில் என்னதான் இல்லை? ஆட்டோகேட் டிராயிங், சீனியர்கள் விட்டுப்போன கேள்வித்தாள், அக்கா கல்யாண போட்டோ, ஐந்து வருடப் படங்கள் (எந்தப் படம் என்று கேட்காதீர்கள்)... அது நிறைந்ததும் கடைக்குப் போகிறோம். "அண்ணே, இதுக்குள்ள இருக்கிற டிஸ்க்கை மட்டும் மாத்த முடியுமா?" என்று கேட்டால், "அதெல்லாம் கம்பெனி சீல் தம்பி, திறக்கக் கூடாது. புது மாடல் வந்திருக்கு, காட்டட்டுமா?" என்கிறார். நாமும் தலையாட்டுகிறோம். எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறவன், மெக்கானிக்கல் படிக்கிறவன், கம்ப்யூட்டர் படிக்கிறவன் மூன்று பேரும் சேர்ந்து போயும் தலையாட்டிவிட்டு வருகிறோம்! மூன்று வருடம் ஸ்க்ரூ டிரைவர் பிடித்த கைக்கு இது அழகா?

அந்தப் பெட்டிக்குள் அப்படி என்ன ரகசியம் இருக்கிறது? இரண்டே பொருள்தான். ஒன்று, லேப்டாப்புக்குள் இருக்கும் அதே இரண்டரை அங்குல ஹார்ட் டிஸ்க். மேசை மேல் தனி அடாப்டரோடு நிற்கும் பெரிய பெட்டி என்றால், மேசைக் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் அதே மூன்றரை அங்குல டிஸ்க். இன்னொன்று, தீப்பெட்டி அளவில் ஒரு போர்டு. டிஸ்க் பேசுவது சாட்டா பாஷை. கம்ப்யூட்டரின் வாசலில் பேசுவது யு.எஸ்.பி. பாஷை. நடுவில் நின்று மொழிபெயர்ப்பதுதான் போர்டில் இருக்கும் சிப்பின் வேலை. அதற்கு 'பிரிட்ஜ்' என்று பெயர். ஜேமைக்ரான், ஏ.எஸ்.மீடியா என்ற தைவான் கம்பெனிகளின் சிப்பைப் பல பெட்டிகளில் பார்க்கலாம்.

இப்போது யோசித்துப் பாருங்கள். நிறைந்தது எது? டிஸ்க். போர்டு நிறையவில்லை, கேபிள் நிறையவில்லை, பெட்டியும் நிறையவில்லை. கேசட் முழுக்கப் பாட்டு பதிந்துவிட்டது என்பதற்காக டேப் ரெக்கார்டரைக் குப்பையில் போட்டவர்கள் நம் அப்பா தலைமுறையில் யாராவது உண்டா?

"இதெல்லாம் நம்ம ஊர் ஜுகாட் வேலை, பெரிய கம்பெனிக்காரன் செய்வானா?" என்று ஒரு நண்பர் கேட்டார். செய்திருக்கிறான்! 2011-இல் தாய்லாந்தில் பெருவெள்ளம் வந்தது. உலகத்துக்கே ஹார்ட் டிஸ்க் செய்துகொடுத்த தொழிற்சாலைகள் பல தண்ணீருக்குள் நின்றன. வெறும் டிஸ்க்கின் விலை மளமளவென்று ஏறியது. கலிஃபோர்னியாவில் பேக்பிளேஸ் என்று ஒரு நிறுவனம். மற்றவர்களுடைய ஃபைல்களைப் பத்திரமாக வைத்துக்கொடுப்பதுதான் அதன் தொழில். டிஸ்க் இல்லாமல் ஒரு நாள்கூட ஓடாது. வெறும் டிஸ்க்கைவிடப் பெட்டியோடு விற்கும் டிஸ்க் மலிவாக இருப்பதைப் பார்த்த அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஊழியர்கள், குடும்பத்தார், நண்பர்கள் எல்லோரையும் கடை கடையாக அனுப்பி எக்ஸ்டர்னல் டிஸ்க்குகளை வாங்கிக் குவித்தார்கள். ஒரு ஆளுக்கு இரண்டுதான் என்று கடைக்காரர்கள் கட்டுப்பாடு போடும் அளவுக்குப் போனது. வாங்கியதையெல்லாம் தேங்காய் உரிக்கிற மாதிரி உரித்து, உள்ளே இருந்த டிஸ்க்கை எடுத்துத் தங்கள் சர்வரில் மாட்டினார்கள். இதை 2012-இல் அவர்களே வெளிப்படையாக எழுதினார்கள். கடைக்காரர் நம்மைத் திறக்கக் கூடாது என்று பயமுறுத்தும் அதே பெட்டிதான்!

சரி, திறக்கலாம் என்று முடிவு செய்துவிட்டோம். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நெம்பினால் நான் பொறுப்பல்ல. நம் ஆட்கள் தடுக்கி விழுகிற இடங்களைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் தடிமன். இரண்டரை அங்குல டிஸ்க் எல்லாம் ஒன்றுபோல இருக்கும் என்று நினைப்பது தப்பு. 7 மி.மீ., 9.5 மி.மீ., 12.5 மி.மீ., 15 மி.மீ. என்று வகை உண்டு. சாதாரணப் பெட்டிகள் 9.5 மி.மீ. வரைதான் இடம் கொடுக்கும். 4 டி.பி., 5 டி.பி. என்று பெரிய கொள்ளளவுக்குப் போனால் இரண்டரை அங்குலத்திலேயே 15 மி.மீ. தடிமன் வந்துவிடும். வாங்கி வந்த பிறகு மூடி மூடவில்லை என்று ரப்பர் பேண்ட் போடுவதைவிட, முன்னாலேயே வெர்னியர் காலிப்பரால் ஒரு தடவை அளந்துவிடலாம். எதற்கு என்றே தெரியாமல் முதலாண்டு லேபில் பிடித்தோமே, அதே காலிப்பர்தான்!

அடுத்தது மின்சாரம். யு.எஸ்.பி. 2.0 வாசல் விதிப்படி கொடுப்பது 5 வோல்ட்டில் 500 மில்லி ஆம்பியர். யு.எஸ்.பி. 3.0 கொடுப்பது 900 மில்லி ஆம்பியர். டிஸ்க்கின் முதுகில் ஒட்டியிருக்கும் லேபிளில் அதற்கு எத்தனை ஆம்பியர் வேண்டும் என்று அச்சடித்திருப்பார்கள். அதைப் படியுங்கள். சுழல ஆரம்பிக்கும் நேரத்தில் அதற்கும் மேலேயே இழுக்கும். 'டிக்... டிக்...' என்று சத்தம் போட்டுவிட்டு டிஸ்க் தெரியாமல் போனால் "டிஸ்க் செத்துப்போச்சு" என்று உடனே தீர்ப்பு எழுதாதீர்கள். கரண்ட் போதாமல்கூட அப்படிக் கத்தும். மூன்றரை அங்குலப் பெட்டி என்றால் 12 வோல்ட் அடாப்டர் வேண்டும். பின் பொருந்துகிறதே என்று லேப்டாப்பின் 19 வோல்ட் அடாப்டரைச் சொருகினால், போர்டும் போகும், டிஸ்க்கும் போகும்.

மூன்றாவது விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது. ஏனென்றால் இது நம் டிஜிட்டல் எலக்ட்ரானிக்ஸ் பாடத்திலேயே இருக்கிறது. பழைய பெட்டி ஒன்றில் 4 டி.பி. டிஸ்க்கை மாட்டினால் 2 டி.பி.தான் தெரிகிறது, அல்லது கன்னாபின்னாவென்று ஏதோ ஒரு எண் தெரிகிறது என்றால் டிஸ்க் கோளாறு இல்லை. டிஸ்க்கில் ஒவ்வொரு செக்டாருக்கும் ஒரு கதவு எண் உண்டு. பழைய பிரிட்ஜ் சிப்புகள் அந்தக் கதவு எண்ணை 32 பிட்டில் எழுதின. 2-இன் அடுக்கு 32, அதை ஒரு செக்டாரின் 512 பைட்டால் பெருக்குங்கள். சுமார் 2.2 டி.பி. வரும். அதற்கு மேல் கதவு இருந்தாலும் அழைக்க எண் கிடையாது! அதற்கும் முந்தைய ஐ.டி.இ. காலத்தில் 28 பிட்தான். பெருக்கிப் பார்த்தால் 137 ஜி.பி. பார்ட்டிஷன் போடும்போதும் இதே கணக்குதான். பழைய எம்.பி.ஆர். முறை 2.2 டி.பி.யோடு நின்றுவிடும், அதற்கு மேல் ஜி.பி.டி. முறை வேண்டும். "இதெல்லாம் எங்கே சார் பயன்படப் போகுது" என்று பைனரி வகுப்பில் கொட்டாவி விட்டோமே, இங்கேதான் பயன்படுகிறது.

இந்த 32 பிட் சுவரைத் தாண்ட சில பெட்டிகள் ஒரு தந்திரம் செய்கின்றன. 512 பைட் செக்டாரை எட்டு எட்டாகக் கட்டி, 4096 பைட் செக்டார் என்று கம்ப்யூட்டருக்குக் காட்டும். அதே 32 பிட்டில் 17 டி.பி. வரை எட்டிவிடலாம். கெட்டிக்காரத்தனம்தான்! ஆனால் அந்த டிஸ்க்கை வெளியே எடுத்து நேரடியாக சாட்டா கேபிளில் மாட்டிப் பாருங்கள். கணக்கு மாறிவிடும். உள்ளே எல்லாம் அப்படியே இருந்தும் "இந்த டிஸ்க்கை ஃபார்மட் செய்யட்டுமா?" என்று விண்டோஸ் கேட்கும். தயவுசெய்து "யெஸ்" அழுத்தாதீர்கள்!

இதைவிட மோசமான இன்னொன்று உண்டு. வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக், மை பாஸ்போர்ட் வரிசையில் பல மாடல்களில், நாம் பாஸ்வேர்டே வைக்காவிட்டாலும், எழுதுவதையெல்லாம் பிரிட்ஜ் சிப் பூட்டித்தான் எழுதியது. பூட்டு போர்டில், சாமான் டிஸ்க்கில். டிஸ்க்கை மட்டும் எடுத்து வேறு பெட்டியில் போட்டால் வெறும் குப்பைதான் தெரியும். போர்டு எரிந்துபோனால்? டிஸ்க் நல்லபடியாகச் சுழலும், அக்கா கல்யாண போட்டோ மட்டும் வராது. சரி, நம் பாதுகாப்புக்காகத்தானே என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாமா? அதுவும் முடியவில்லை. அந்தப் பூட்டை ஆராய்ந்த மூன்று பேர், பல மாடல்களில் பாஸ்வேர்ட் தெரியாமலேயே உள்ளே நுழைய வழி இருக்கிறது என்று 2015-இல் எழுதிவிட்டார்கள். சொந்தக்காரனைத் தடுக்கும், திருடனை விட்டுவிடும். நல்ல பூட்டு!

இந்த இரண்டு ஆபத்துக்கும் மருந்து ஒன்றே. பழைய டிஸ்க் அதன் சொந்தப் பெட்டிக்குள் இருக்கும்போதே, யு.எஸ்.பி. வழியாகவே, எல்லாவற்றையும் வெளியே காப்பி எடுத்துவிடுங்கள். பிறகுதான் ஸ்க்ரூ டிரைவர். கையில் ஒரு பெட்டிதானே இருக்கிறது, புது டிஸ்க்கை எங்கே மாட்டுவது என்கிறீர்களா? லேபில் இருக்கும் மேசைக் கம்ப்யூட்டரில் காலியாக ஒரு சாட்டா கேபிள் இருக்கும். இல்லையென்றால் நண்பனின் பெட்டியைக் கடன் வாங்குங்கள். நேரத்துக்கும் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். யு.எஸ்.பி. 2.0-வில் விநாடிக்கு 35 எம்.பி. போனால் 500 ஜி.பி.க்கு நாலு மணி நேரம். 3.0-வில் 100 எம்.பி. போனால் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். பரீட்சைக்கு முதல் நாள் இரவு இந்த வேலையைத் தொடங்குகிறவனை ஆண்டவன்தான் காப்பாற்ற வேண்டும். பழைய டிஸ்க் ஏற்கெனவே தடுமாறுகிறது என்றால் சாதாரண காப்பி வேண்டாம். டி.டி.ரெஸ்க்யூ என்று இலவச மென்பொருள் இருக்கிறது. நல்ல பகுதியை முதலில் எடுத்துவிட்டு, கெட்டுப்போன இடத்துக்குப் பிறகு திரும்பி வரும்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். திறக்கச் சொல்வது பெட்டியை. உள்ளே இருக்கும் டிஸ்க்கின் சொந்த மூடியை அல்ல! அதற்குள் ஹெட், தட்டுக்கு மேலே சில நானோமீட்டர் உயரத்தில் பறந்துகொண்டிருக்கிறது. நம் ஹாஸ்டல் ரூம் தூசி ஒன்று விழுந்தால் அதற்கு அது மலை.

இதுவரை சொன்னதெல்லாம் திறக்க முடிகிற பெட்டிகளைப் பற்றி. என் கோபம் திறந்தும் பயன் இல்லாத பெட்டிகள் மேல்தான். மெல்லிய எக்ஸ்டர்னல் டிஸ்க் பலவற்றில், மேலே சொன்ன மை பாஸ்போர்ட் மாடல்கள் பலவும் இதில் சேர்த்தி, பிரிட்ஜ் போர்டு என்று தனியாக ஒன்றே கிடையாது. டிஸ்க்கின் சொந்தப் போர்டிலேயே யு.எஸ்.பி. வாசலைப் பற்றவைத்துவிட்டார்கள். சாட்டா கனெக்டரே இல்லை. உள்ளே இருக்கும் டிஸ்க்கை வேறு எதிலும் மாட்ட முடியாது. வேறு டிஸ்க்கை அந்தப் பெட்டியில் போடவும் முடியாது. கேபிள் அசைந்து அசைந்து அந்தச் சின்ன வாசல் பெயர்ந்துவிட்டால், நூறு ரூபாய் போர்டை மாற்றி முடிக்க வேண்டிய வேலை, டேட்டா மீட்புக் கடையின் பில்லாக வந்து நிற்கும்.

கம்பெனி தரப்பிலும் நியாயம் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஒரு கனெக்டர் குறைந்தால் செலவு குறைகிறது, பெட்டி மெல்லிசாகிறது, சட்டைப்பையில் அடங்குகிறது. வாங்குகிறவர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் திறந்து பார்க்கப் போகிறார்கள் என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம்தான். ஆனால் மிச்சமான பணத்துக்கு ஈடாக நாம் எதைக் கொடுத்தோம் என்று அட்டைப் பெட்டியின் மேல் ஒரு வரிகூட இல்லையே! வெளியே 2 டி.பி. என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. "உள்ளே உள்ளதை மாற்ற முடியாது" என்று எங்கே இருக்கிறது? மறைப்பது இந்தத் தொழிலுக்குப் புதிதும் அல்ல. காந்தத் தடங்களைக் கூரை ஓடு வேய்ந்த மாதிரி ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி எழுதும் முறைக்கு எஸ்.எம்.ஆர். என்று பெயர். இடம் மிச்சம்தான், ஆனால் பெரிய அளவில் தொடர்ந்து எழுதினால் வேகம் படுத்துவிடும். அந்த முறையில் செய்த சில டிஸ்க்குகளை அப்படிச் சொல்லாமலேயே விற்றது 2020 ஏப்ரலில் வெளியே வந்தது. வெஸ்டர்ன் டிஜிட்டல், சீகேட், தோஷிபா, மூன்றுமே மாட்டிக்கொண்டன. அந்த மூன்றைத் தவிர ஹார்ட் டிஸ்க் செய்ய உலகத்தில் இப்போது வேறு ஆளும் இல்லை. ஆகவே பெட்டிக்குப் புது டிஸ்க் வாங்கும்போது கொள்ளளவை மட்டும் பார்க்காமல் மாடல் எண்ணை வைத்து இதையும் விசாரியுங்கள்.

பழுது பார்க்கும் உரிமைக்காக மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் ஒரு தனி இணையதளமே திறந்தது. விவசாயக் கருவி, மொபைல் மற்றும் எலக்ட்ரானிக்ஸ், வீட்டு உபயோகப் பொருள், வாகனம் என்று நாலு துறையைச் சொன்னது. ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் இதற்காக ஒரு சட்டமே கொண்டுவந்தது. அங்கே பேச்சு பெரும்பாலும் வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ், செல்போன் பற்றித்தான். நம் சின்னப் பெட்டிக்காக யாரும் கொடி பிடிக்கவில்லை. அதனால் நம் கையில் இருக்கிற ஒரே ஆயுதம், வாங்கும்போது கேட்பது. "அண்ணே, உள்ளே சாட்டா டிஸ்க்கா, இல்ல யு.எஸ்.பி. பத்த வச்சதா?" பத்து மாணவர்கள் கேட்டால் கடைக்காரர் டீலரைக் கேட்பார். இல்லையென்றால் வெறும் பெட்டி தனி, டிஸ்க் தனி என்று வாங்கிவிடுங்கள். சென்னை ரிச்சி தெருவில் வெறும் பெட்டி கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். இந்த வழி எப்போதும் மலிவு என்று பொய் சொல்ல மாட்டேன். சில நேரம் பெட்டியோடு விற்பதுதான் விலை குறைவாக இருக்கும். ஆனால் பெட்டி ஒரு தடவைச் செலவு. அடுத்த டிஸ்க்குக்கும் அதே பெட்டி. நாளைக்கு 7 மி.மீ. சாட்டா எஸ்.எஸ்.டி. வாங்கினாலும் அதே பெட்டி. (பபிள்கம் பட்டை மாதிரி நீளமாக இருக்கும் எம்.2 வகைக்கு மட்டும் வேறு பெட்டி வேண்டும்.)

அதுவும் நம் ஊரில் டிஸ்க்குக்குப் பஞ்சமா? 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அண்ணன், அக்கா வாங்கிய லேப்டாப் எத்தனை வீடுகளில் பேட்டரி போய், திரை போய், பரணில் தூங்குகிறது? உள்ளே ஒரு இரண்டரை அங்குல சாட்டா டிஸ்க் இருக்கிறது. லேப்டாப்புக்கு எஸ்.எஸ்.டி. மாற்றிய நண்பனிடம் 1 டி.பி. சும்மா கிடக்கும். பழைய டிஸ்க்கை நம்புவதற்கு முன் ஸ்மார்ட் அறிக்கையைப் பார்த்துவிடுங்கள். 'ரீஅலொகேட்டட் செக்டார்', 'பெண்டிங் செக்டார்' என்ற இரண்டு வரிசையிலும் பூஜ்யம் இருந்தால் பரவாயில்லை, ஓட்டலாம். எண் ஏறிக்கொண்டே போனால், பரணிலேயே இருக்கட்டும்.

நம் பேரவைக்கும் ஒரு வார்த்தை. ஆண்டு விழா மைக் செட்டுக்குச் செலவழிப்பதில் கால் பங்கு போதும். இரண்டு யு.எஸ்.பி. – சாட்டா கேபிள், ஒரு 12 வோல்ட் அடாப்டர், சின்ன ஸ்க்ரூ டிரைவர் செட், மூடியை நெம்ப பிளாஸ்டிக் பட்டை. இவ்வளவுதான்! மாதம் ஒரு சனிக்கிழமை லேபில் ஒரு மேசை போட்டுவிடலாம். துறைத் தலைவர்கள் மறுக்க மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

கடைசியாக, வெளியே வந்த அந்தப் பழைய டிஸ்க். மாற்றிய சந்தோஷத்தில் அன்றைக்கே எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஒரு மாதமாவது பீரோவில் இருக்கட்டும். புது டிஸ்க்குகளும் ஆரம்பத்திலேயே மண்டையைப் போடுவதுண்டு. விற்பதாக இருந்தால், 'டெலீட்' செய்தது எதுவும் அழியவில்லை என்பதை நினைவில் வையுங்கள். ஃபைலின் பெயர்தான் போகும், படம் அங்கேயே இருக்கும். இலவச மென்பொருள் ஒன்றை வைத்து எவனும் எடுத்துவிடுவான். அதில் இருப்பது நம் போட்டோ மட்டுமா? அக்கா, தங்கை, வகுப்புத் தோழிகள் எல்லோருடைய போட்டோவும்தான். டிஸ்க் முழுக்க ஒரு தடவை பூஜ்யம் எழுதிவிட்டுக் கொடுங்கள். சில மணி நேரம் ஆகும், ஆகட்டும். சுழலவே சுழலாத டிஸ்க் என்றால் நாலு ஸ்க்ரூவைக் கழற்றித் தட்டில் ஆணியால் கீறிவிட்டு, மின்னணுக் கழிவு வாங்குகிறவரிடம் சேர்த்துவிடுங்கள். மூடியைத் திறக்காதே என்று மேலே சொன்னேனே, அதற்கு இந்த ஒரு இடத்தில் மட்டும் விலக்கு!

பேரவை அனுமதித்தால் ஆண்டு விழா முடிந்த அடுத்த சனிக்கிழமையே தொடங்கிவிடலாம். பெட்டியோடு வாருங்கள். காலிப்பர் நான் கொண்டு வருகிறேன்.